25, 30, 60: ஒரே கல்யாண வீடியோவில் பல ஃபிரேம் ரேட் கலந்து வந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது?

தமிழக–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கல்யாண வேலை பார்க்கும் எடிட்டர்களின் மேசைக்கு வரும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் ஒரே ரகம்தான். மாப்பிள்ளை வீடு மார்த்தாண்டம், பெண் வீடு நெய்யாற்றின்கரை. இரண்டு வீட்டுக்கும் தனித்தனி டீம். டிரடிஷனல் வீடியோ எடுத்தவர் 25-இல், அதாவது நொடிக்கு 25 ஃபிரேம் (நிலைப்படம்) என்ற ரேட்டில், எடுத்திருப்பார். கேண்டிட் எடுத்தவர் சினிமா லுக் வேண்டும் என்று 24 வைத்திருப்பார். ஹெலிகேம் 30 அல்லது 60. போதாததற்கு, சித்தப்பா மகன் போனில் பிடித்த தாலிகட்டும், துபாயிலிருந்து மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாழ்த்தும் அதே ஃபோல்டரில் இருக்கும். அந்தப் போன் கிளிப்புகளுக்கு நிலையான ஃபிரேம் ரேட்டே கிடையாது.

"டைம்லைனை எதில் வைப்பது? மீதியை எப்படி மாற்றுவது? ஆப்டிகல் ஃப்ளோ போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?" இந்த மூன்று கேள்விகளும் மாற்றி மாற்றி வருகின்றன. டைம்லைன் என்பது கிளிப்புகளை அடுக்கி வெட்டி ஒட்டும் இடம், அதற்கு ஒரே ஒரு ஃபிரேம் ரேட்தான். ஆப்டிகல் ஃப்ளோ என்பது இடையில் இல்லாத ஃபிரேமை மென்பொருளே வரைவது. ஒவ்வொரு வழியாக எடுத்துப் பார்ப்போம். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஷாட்டோடு ஒட்டிய ஒலி நமக்கு வேண்டுமா, வேண்டாமா என்று கிளிப் கிளிப்பாகக் கேட்டுக்கொண்டே வந்தால் முக்கால்வாசி முடிவு அங்கேயே கிடைத்துவிடும். மென்பொருள் எது, கம்ப்யூட்டர் எவ்வளவு வலுவானது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

## எதை வைத்து அளப்பது

ஒலி. தவில் அடி, குரவை, சர்ச்சில் வாக்குறுதி சொல்லும் உதடு, இவையெல்லாம் படத்தோடு பொருந்த வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ.வின் பி.டி.1359 பரிந்துரை தரும் அளவு இது: ஒலி படத்தைவிட 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் உணர்ந்துவிடுவார், பிந்தினால் 125 மில்லிநொடி ஆகும்போதுதான் உணர்வார். 25 டைம்லைனில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிநொடி. ஒலி ஒன்றரை ஃபிரேம் முன்னால் வந்தாலே ஆள் கண்டுபிடித்துவிடுவார் என்று அர்த்தம்.

அசைவு. ஃபிரேம் விட்டுப்போனாலும் இரட்டித்தாலும் முக்காலியில் நிற்கும் ஷாட்டில் யாருக்கும் தெரியாது. மெதுவாக ஒரே சீராக நகரும் ஷாட்டில்தான் மாட்டிக்கொள்ளும். கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது, ஹெலிகேம் தென்னந்தோப்பின் மேல் போகும்போது, கிம்பலில் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் கருவி) மாப்பிள்ளையின் பின்னால் நடக்கும்போது படம் தட்டித் தட்டிப் போகும். நாம் "ஜெர்க் அடிக்குது" என்று சொல்வது இதைத்தான்.

நேரமும் இடமும். ரெண்டர் நேரம் (முடித்த வேலையை மென்பொருள் கணக்கிட்டு ஃபைலாக்க எடுக்கும் நேரம்), டிஸ்க்கில் பிடிக்கும் இடம், கடைசி நேரத்தில் "அந்தப் பாட்டை மாத்துங்க" என்று வீட்டார் சொன்னால் திரும்பச் செய்யவேண்டிய வேலை.

பார்க்கப்போகும் திரை. வீட்டு டிவியில் பென் டிரைவ் செருகிப் பார்க்கும் மூன்று மணி நேர வீடியோவும், போனில் ஓடும் முப்பது நொடி ரீல்ஸும் வேறு வேறு சரக்கு. இரண்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது.

## முதல் முடிவு: டைம்லைன் எதில்?

### 25

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிவி ஒளிபரப்பும் அதையொட்டி 25 ஃபிரேம் கொண்ட பால் (PAL) முறையில் வந்தது. 1982-இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோதும் அதே முறைதான். வீடியோ கேமரா, மிக்ஸர், மண்டபத்து எல்.இ.டி. திரைக்குப் போகும் லைவ் எல்லாம் 25 அல்லது 50-இல் ஓடுவது அந்த வழக்கத்தால்தான். எல்லையின் இரு பக்கமும் இதில் வித்தியாசம் இல்லை. நீண்ட நிகழ்ச்சியை விடாமல் எடுக்கும் கேமரா பெரும்பாலும் 25-இல் இருக்கும். ஒலி ஒட்டியிருக்கும் ஃபுட்டேஜின் பெரும்பங்கும் அதில்தான் கிடைக்கும். முழு நீளக் கல்யாண வீடியோவுக்கு 25 என்று நான் சொல்வதன் காரணம் இதுவே.

இதற்கு ஒரு மறைமுகச் செலவு உண்டு. எடிட் செய்யும் மானிட்டர் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேமை 60-இல் காட்ட, மானிட்டர் சில ஃபிரேமை இரண்டு முறையும் சிலவற்றை மூன்று முறையும் காட்டவேண்டியிருக்கிறது. அதனால் ஃபைலில் இல்லாத ஜெர்க் திரையில் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து ஆப்டிகல் ஃப்ளோ போட்டு, நன்றாக இருந்த ஷாட்டைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. மானிட்டர் ஏற்றுக்கொண்டால் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். ஏற்கவில்லையென்றால் சந்தேகமான துண்டை மட்டும் ரெண்டர் செய்து டிவியில் போட்டுப் பாருங்கள்.

### 30

பல போன் திரைகள் 60 அல்லது 120 ஹெர்ட்ஸில் ஓடுவதால் 30 அதில் சீராக உட்காரும். ரீல்ஸ், டீசர், சேவ் த டேட் போன்ற போனிலேயே பிறந்து போனிலேயே முடியும் வேலைகளுக்கு 30 நல்ல தேர்வு. ஃபுட்டேஜ் முழுக்கப் போனிலும் ஹெலிகேமிலும் எடுத்ததாக இருந்தாலும் அப்படித்தான்.

25-இல் எடுத்த நீண்ட ஃபுட்டேஜை 30 டைம்லைனில் போட்டால் ஒவ்வொரு ஐந்து ஃபிரேமிலும் ஒன்று இரட்டிக்கும். நொடிக்கு ஐந்து முறை சின்னத் தயக்கம். மாலை மாற்றுவதிலிருந்து பந்தி பரிமாறுவது வரை மூன்று மணி நேரம் இப்படியே ஓடினால் பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, அசௌகரியம் மட்டும் தெரியும்.

30-க்கு இன்னொரு ஆபத்து எடிட்டுக்கு முன்பே இருக்கிறது. மண்டபத்து ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 முறை பிரகாசம் ஏறி இறங்கும். ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்குக் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடி என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சம அளவு வெளிச்சம் கிடைக்கும். 30-இல் எடுப்பவர் வழக்கப்படி 1/60 வைத்தால் திரையில் பட்டை ஓடும். 30-இல் எடுப்பதில் தவறில்லை, ஷட்டரை 1/50-இலோ 1/100-இலோ வைத்தால் போதும். ஏற்கெனவே பட்டையோடு வந்த கிளிப்பை எந்த ஃபிரேம் ரேட் மாற்றமும் குணப்படுத்தாது.

### 50

விளையாட்டு, நடனம், செண்டை மேளம் மட்டுமே பிரதானம் என்றால் 50 டைம்லைனை யோசிக்கலாம். யூடியூப் 50-ஐ ஏற்கும். 25 கிளிப் அதில் சீராக இரட்டித்து உட்காரும். ஆனால் ரெண்டர் செய்யவேண்டிய ஃபிரேம் இரண்டு மடங்கு, ஃபைலும் பெருக்கும். கல்யாண வீட்டாருக்கு 50-இன் வழவழப்பு பழைய டிவி சீரியல் மாதிரி தெரிகிறது என்ற புகாரும் வரும். பொதுவான கல்யாண வேலைக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மென்பொருளைத் திறந்தவுடன் முதல் வேலையாக அதைப் பதிந்துவிடுங்கள். டாவின்ச்சி ரிசால்வில் முதலில் இழுத்துப் போடும் கிளிப் வேறு ஃபிரேம் ரேட்டாக இருந்தால் பிராஜெக்ட்டின் ரேட்டை மாற்றட்டுமா என்று கேட்கும். யோசிக்காமல் சரி கொடுத்தால் சித்தப்பா மகனின் போன்தான் உங்கள் கல்யாண வீடியோவின் ஃபிரேம் ரேட்டைத் தீர்மானிக்கும். உள்ளே கிளிப்புகள் வந்தபின் பிராஜெக்ட் ரேட்டை மாற்ற அது விடாது. வேறு ரேட்டில் புது டைம்லைன் திறக்கலாம், அவ்வளவுதான். பிரீமியர் ப்ரோவிலும் முதல் கிளிப்பைப் போடும்போது இதே மாதிரி கேள்வி வரும். அங்கே பின்னால் மாற்ற முடியும், ஆனால் போட்ட கட் எல்லாம் ஃபிரேம் கணக்கில் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

## 25 டைம்லைனில் எது என்ன ஆகும்

| கிளிப் | அப்படியே போட்டால் | கிளிப்பின் ஒரு ஃபிரேமை டைம்லைனின் ஒரு ஃபிரேமாக வைத்தால் (கான்ஃபார்ம்) |
|---|---|---|
| 24 | நொடிக்கு ஒரு ஃபிரேம் இரட்டிக்கும் | சுமார் 4 சதவீதம் வேகம் கூடும் |
| 30 | ஆறில் ஒரு ஃபிரேம் விட்டுப்போகும் | 83 சதவீத வேகம், லேசான ஸ்லோமோஷன் |
| 50 | ஒன்றுவிட்டு ஒன்று, முழுச் சீர் | பாதி வேகம் |
| 60 | 12-இல் 5 ஃபிரேம் தங்கும், இடைவெளி சற்றே ஏறி இறங்கும் | சுமார் 42 சதவீத வேகம் |
| 120 | 24-இல் 5 ஃபிரேம் தங்கும் | சுமார் 21 சதவீத வேகம் |

கேமராவில் 30 என்று எழுதியிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் 29.97 இருக்கும். 1953-இல் அமெரிக்காவில் வண்ண ஒளிபரப்புக்காக 30-ஐ அந்த அளவுக்குக் குறைத்த பழக்கம் இன்றும் தொடர்கிறது. படத்தைப் பொறுத்தவரை இந்த வித்தியாசத்தை மறந்துவிடலாம். தனி ரெக்கார்டரில் ஒலி எடுத்தவர்கள் மட்டும் மறக்கக்கூடாது. 29.97 கிளிப்பைக் கட்டாயமாக 30 என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி நழுவும்.

## இரண்டாவது முடிவு: மீதியை எப்படிக் கொண்டுவருவது?

### அப்படியே போட்டுவிடுவது

மென்பொருள் தன் வழக்கப்படி அருகிலிருக்கும் ஃபிரேமை எடுத்துக்கொள்ளும். பிரீமியரில் ஃபிரேம் சாம்ப்ளிங், ரிசால்வில் நியரஸ்ட் என்று பெயர். நேரம் மாறாது, ஒலி நகராது, கூடுதல் ரெண்டர் இல்லை. திரையில் வரும் ஒவ்வொரு ஃபிரேமும் கேமரா உண்மையில் பிடித்த ஃபிரேம். இந்தக் கடைசி விஷயத்துக்கு நான் பெரிய மதிப்பு கொடுக்கிறேன்.

ஒலி வேண்டும், கேமரா அசையவில்லை என்றால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். தாலிகட்டு, வாக்குறுதி, மேடைப் பேச்சு, வாழ்த்துச் செய்தி எல்லாம் இதில் அடங்கும். 24-இல் எடுத்த கேண்டிட் கிளிப்பில் யாராவது பேசும் இடம் வந்தாலும் இதுதான். நொடிக்கு ஒரு ஃபிரேம் இரட்டிப்பது பேசும் முகத்தில் தெரியாது.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. 25 டைம்லைனுக்கு, 30-இல் எடுத்த கிளிப்பைவிட 60-இல் எடுத்தது நன்றாக உட்காரும். ஃபிரேம்கள் நெருக்கமாக இருப்பதால், தேவைப்படும் கணத்துக்கு அருகில் ஒன்று எப்போதும் கிடைக்கும். 30-இல் விலகல் அதிகபட்சம் 17 மில்லிநொடி வரை போகும், 60-இல் 8-ஐத் தாண்டாது. ஆகவே 25 வைக்க வழியில்லாத போன் என்றால் 30-ஐவிட 60-இல் எடுக்கச் சொல்லுங்கள். பகலில், நல்ல வெளிச்சத்தில் மட்டும். 60-இல் ஷட்டர் வேகம் கூடிவிடுவதால் இரவு வரவேற்பில் படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்து போகும்.

### கான்ஃபார்ம் செய்வது

கிளிப்பின் ஒவ்வொரு ஃபிரேமையும் டைம்லைனின் ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்துக்கொள்ளும்படி சொல்வது. பிரீமியரில் இன்டர்பிரட் ஃபுட்டேஜ், ரிசால்வில் கிளிப் ஆட்ரிபியூட்ஸ். ஒரு ஃபிரேம்கூட விட்டுப்போகாது, இரட்டிக்காது. அசைவு வழவழவென்று இருக்கும். விலை: வேகம் மாறும், ஒலி கெடும்.

ஒலி தேவையில்லாத ஷாட் எல்லாவற்றுக்கும் இதுவே என் முதல் தேர்வு. ஹெலிகேம் ஷாட் 30-இல் வந்ததா? கான்ஃபார்ம் செய்தால் ஒரு நிமிடம் 72 நொடியாக நீளும். குழித்துறை ஆற்றின் மேல் மெதுவாகப் போகும் ஷாட் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனால் யாருக்கு நஷ்டம்? பெரும்பாலும் முன்பைவிட அழகாகவே இருக்கும். புடவை, நகை, மாலை, மண்டப அலங்காரம் என்று பாட்டுக்கு மேல் ஓடும் ஷாட்டெல்லாம் இந்த ரகம்தான். 50, 60 என்றால் நல்ல ஸ்லோமோஷனே கிடைத்துவிடும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, மனிதர் நடப்பதும் சிரிப்பதும் 83 சதவீத வேகத்தில் ஸ்லோமோஷனாகவும் தெரியாது, இயல்பாகவும் தெரியாது. ஏதோ சோர்வாக இருப்பதுபோல் படும். ஆட்கள் உள்ள 30 ஷாட்டை ஒன்று அப்படியே போடுங்கள், இல்லை பாதி வேகத்துக்கு அருகில் போகும்படி 60-இல் எடுத்ததைத் தேடுங்கள். இரண்டு, 24-ஐ 25 ஆக்கும்போது படத்தில் வேகம் கூடியது தெரியாது, ஆனால் ஒலியின் சுருதி முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறும். நாதஸ்வரத்தில் அது பளிச்சென்று தெரியும், அதுவும் அடுத்த கேமராவின் ஒலிக்குத் தாவும் நொடியில். 24 கிளிப்பைக் கான்ஃபார்ம் செய்வதென்றால் ஒலியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று: கான்ஃபார்ம் அமைப்பு அந்த கிளிப்பை வைத்திருக்கும் எல்லா இடத்துக்கும் பாயும். ஒரே கிளிப்பின் முதல் பாதியில் பேச்சும் பின் பாதியில் காட்சியும் இருந்தால், கிளிப்பை ஒரு நகல் எடுத்து நகலுக்கு மட்டும் செய்யுங்கள்.

### ஃபிரேம் பிளெண்டிங்

பக்கத்து ஃபிரேம்களை ஒன்றின் மேல் ஒன்று கலப்பது. அசையும் எதற்கும் நிழல் விழும். நெருப்புப் புகை, மேகம், தூரத்துக் கடல் போன்ற உருவமில்லாத காட்சிகளில் உதவும். முகம் இருக்கும் ஷாட்டில் வேண்டாம்.

### ஆப்டிகல் ஃப்ளோ

இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் ஒவ்வொரு புள்ளியும் எங்கே நகர்ந்தது என்று கணித்து, இல்லாத ஃபிரேமைப் புதிதாக வரைவது இது. நன்றாக அமைந்தால் அற்புதமாக இருக்கும். அதனால்தான் எல்லோருக்கும் இதன் மேல் ஒரு கண்.

ஆனால் 30 கிளிப்பை 25 ஆக்க இதைப் போடும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். 30-இன் ஃபிரேமும் 25-இன் ஃபிரேமும் ஒரே கணத்தில் சந்திப்பது நொடிக்கு ஐந்தே முறை. மீதி 20 ஃபிரேம் மென்பொருள் வரைந்த ஃபிரேம். அப்படியே போட்டிருந்தால் 25-உம் அசல். ஐந்து சின்ன ஜெர்க்கைத் தவிர்க்க இருபது ஃபிரேமைக் கற்பனைக்குக் கொடுக்கிறோம். நகரும் ஹெலிகேம் ஷாட்டுக்கு இந்தப் பண்டமாற்று நியாயமாக இருக்கலாம். நிற்கும் தாலிகட்டு ஷாட்டுக்கு இது வீண் நஷ்டம்.

கல்யாணத்தில் இது உடையும் இடங்கள் ஒன்றிரண்டல்ல. அட்சதை தூவும்போது அரிசியெல்லாம் கோடு கோடாக இழுபடும். செண்டைக் குச்சியும் தவில்காரர் விரலும் பாதியில் கரைந்து மீண்டும் முளைக்கும். முகத்துக்குக் குறுக்கே மாலை போகும்போது முகவாய் கொஞ்சம் வளையும். கேமரா ஃபிளாஷ் அடித்தால் அந்த இடத்தில் ஒரு வினோத மங்கல். மண்டபத்து மின்விசிறியும் அப்படித்தான். திற்பரப்பு அருவியில் எடுத்த சேவ் த டேட் என்றால் தண்ணீர் ஜெல்லி போல் ஆகும். மாத்தூர் தொட்டிப் பாலம் போல ஒரே மாதிரி தூண்கள் வரிசையாக வரும் இடத்தில் எந்தத் தூண் எந்தத் தூணாக நகர்ந்தது என்று மென்பொருள் குழம்பி, விளிம்புகள் துடிக்கும்.

நன்றாக வேலை செய்யும் இடமும் உண்டு. பின்னணி எளிமையாக இருந்து, அசைவு ஒரே திசையில் இருந்தால் நம்பிப் போடலாம்: ரப்பர் தோட்டத்தின் மேல் சீராகப் போகும் ஹெலிகேம், வெறும் சுவரின் முன் மெதுவாகத் திரும்பும் மணப்பெண், மேசை மேல் சறுக்கும் கேமராவில் நகை. 25-இல் மட்டுமே எடுத்த ஒரு ஷாட்டை ஸ்லோமோஷன் ஆக்கியே தீரவேண்டும் என்றாலும் வேறு வழி இல்லை, இதுதான்.

ஆகவே பிராஜெக்ட் முழுமைக்கும் இதை ஆன் செய்து வைக்காதீர்கள். தேவைப்படும் ஷாட்டுக்கு மட்டும் போட்டு, அந்த ஷாட்டை ஃபிரேம் ஃபிரேமாக ஒருமுறை தட்டிப் பாருங்கள். டைம்லைன் ஓடுவது கனமாகிவிடும், ரெண்டர் நேரமும் கூடும். கிராஃபிக்ஸ் கார்டு சுமாராக இருந்தால் அந்த ஷாட்டை மட்டும் தனியாக ரெண்டர் செய்து திரும்பக் கொண்டுவருவது நல்லது. ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே ஆப்டிகல் ஃப்ளோ உண்டு. அதைவிடத் தரமான ஸ்பீடு வார்ப் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பு வேண்டும்.

### முன்கூட்டியே நிலையான ரேட்டுக்கு மாற்றுவது

இது போன் கிளிப்புக்கான வழி. போன் கேமரா 30 என்று சொல்லிவிட்டு உள்ளே 28, 30, 24 என்று வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி ஏறி இறங்கும். மண்டபத்தில் விளக்கை அணைத்துவிட்டுக் கேக் வெட்டும் நேரத்தில் ரேட் விழும். ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும், ஆன்லைனில் கலந்துகொண்டவர்களின் பதிவும் இன்னும் மோசம். இந்த வகையை வேரியபிள் ஃபிரேம் ரேட் என்பார்கள். அடையாளம் எளிது: கிளிப்பின் தொடக்கத்தில் உதடும் பேச்சும் பொருந்தும், போகப்போக நழுவும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கிளிப்பைத் திறந்தால் ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியில் வேரியபிள் என்று காட்டிவிடும்.

பிரீமியரின் இப்போதைய பதிப்புகள் இதை ஓரளவு தாங்கும். ஒரு நிமிட வாழ்த்துக்கோ, ஒலி இல்லாமல் பயன்படுத்தும் ஷாட்டுக்கோ மெனக்கெட வேண்டாம். இருபது நிமிடம் விடாமல் எடுத்த தாலிகட்டு, பிரசங்கம், மேடைக் கச்சேரி என்றால் முதலில் மாற்றிவிட்டுத்தான் டைம்லைனுக்குள் விடவேண்டும். ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஷட்டர் என்கோடரிலும் செய்யலாம். இரண்டும் இலவசம்.

எந்த ரேட்டுக்கு மாற்றுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதலில் 30-க்கு மாற்றி, அதை 25 டைம்லைனில் போட்டால் ஃபிரேம்கள் இரண்டு முறை பொறுக்கப்படும், ஜெர்க் கூடும். அந்த கிளிப் ஒலியோடு இந்த 25 டைம்லைனுக்கு மட்டும்தான் என்றால் நேரே 25-க்கே மாற்றிவிடுங்கள். பின்னால் ஸ்லோமோஷனுக்கோ ரீல்ஸுக்கோ தேவைப்படும் என்றால் 30-இல் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

மறைமுகச் செலவு டிஸ்க்கில் விழும். 1080பி ஃபுட்டேஜை 25-இல் புரோரெஸ் 422 (எடிட்டிங்குக்கு ஏற்ற, அதிகம் சுருக்காத வடிவம்) ஆக்கினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 55 ஜிபி, அதன் எடை குறைந்த எல்.டி. வகையில் சுமார் 38 ஜிபி. 4கே என்றால் 422-இல் 220 ஜிபியை எட்டும். ஹேண்ட்பிரேக்கில் வழக்கமாகச் சுருக்கும் எச்.264 வடிவமாகவே உயர்தரத்தில் எடுத்தால் இடம் மிச்சம், ஆனால் டைம்லைன் கனமாக ஓடும், தரமும் ஒரு படி இறங்கும். போன் ஃபுட்டேஜ் ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்டது. அதை மறுபடி மறுபடி சுருக்கினால் இருட்டுப் பகுதிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்ததென்றால் சொல்லவே வேண்டாம், அசலை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மல்டிகேம் (பல கேமராவை ஒரே நேரத்தில் பொருத்தி மாற்றி மாற்றி வெட்டுவது) கட்டுபவர்களுக்கு இந்தப் படி விருப்பத்துக்கு விட்டது இல்லை. எல்லாக் கோணங்களும் ஒரே நிலையான ரேட்டில் இருந்தால்தான் ஒலியை வைத்துச் செய்யும் சின்க் கடைசிவரை நிற்கும்.

## ரீல்ஸும் டீசரும் தனி வழி

முழு வீடியோவை 25-இல் முடித்துவிட்டு அதிலிருந்தே 30-இல் ரீல்ஸ் எக்ஸ்போர்ட் செய்யும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது வேண்டாம். ஏற்கெனவே 30-லிருந்து ஐந்து ஃபிரேம் இழந்து 25 ஆன ஷாட், இப்போது ஐந்து ஃபிரேம் இரட்டித்து மறுபடி 30 ஆகும். இரண்டு ஜெர்க்கும் ஒன்று சேர்ந்துவிடும்.

அசல் கிளிப்புகளை வைத்துப் புதிதாக ஒரு 30 டைம்லைன் திறங்கள். ரீல்ஸில் பெரும்பாலும் பாட்டு மட்டும்தான், ஒட்டிய ஒலி கிடையாது. அதனால் கான்ஃபார்ம் செய்யத் தடையே இல்லை: 60 பாதி வேகம், 50 என்றால் 60 சதவீத வேகம், 30 அப்படியே. 25-இல் எடுத்ததை இங்கே கான்ஃபார்ம் செய்தால் 20 சதவீதம் வேகமாக ஓடும், அது பழைய ஊமைப்படம் மாதிரி தெரியும். அந்த ஷாட்டுகளில் அசைவு குறைந்தவற்றை மட்டும் அப்படியே போடுங்கள். முகத்தின் குளோஸப்புகள் இதற்குத் தோதானவை.

யூடியூபுக்கு மட்டும் 30-க்கு மாற்றவேண்டியதில்லை. 24, 25, 30, 50, 60 எல்லாவற்றையும் அது ஏற்கும். எடுத்த ரேட்டிலேயே ஏற்றுங்கள் என்பதே அவர்கள் தரும் அறிவுரை.

எக்ஸ்போர்ட்டில் பொதுவாக ஒரே விதி: டைம்லைன் எதுவோ அதுவே. பிரீமியரில் சோர்ஸுக்குப் பொருத்து என்ற தேர்வு ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிரீசெட் ஒன்றில் 29.97 ஒட்டிக்கொண்டிருந்தால், அத்தனை நேரம் பார்த்துப் பார்த்துச் செய்தது கடைசி கிளிக்கில் கெடும்.

## எடுக்கும் முன்பே ஒரு போன்

இத்தனை வழிகளிலும் மலிவானது, இரண்டு டீமும் மண்டபத்துக்கு வரும் முன் எடிட்டர் அவர்களைக் கூப்பிட்டுப் பேசுவது. பாறசாலை டீமாக இருந்தாலும் மார்த்தாண்டம் டீமாக இருந்தாலும் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். ஒலி உள்ளதெல்லாம் 25-இல், ஷட்டர் 1/50. ஸ்லோமோஷனுக்கு 50-இல், ஷட்டர் 1/100. ஹெலிகேமிலும் 25, 50 உண்டு, அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஐபோன் என்றால் கேமரா அமைப்பில், ரெக்கார்டு வீடியோ பகுதிக்குள் பால் வடிவங்களைக் காட்டு என்பதை ஆன் செய்தால் 25 வந்துவிடும்.

கேமராவை என்.டி.எஸ்.சி.யிலிருந்து (30 ஃபிரேமுக்கான அமெரிக்க முறை) பால் (PAL) முறைக்கு மாற்றும்போது சில மாடல்கள் கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லும். அதனால் முந்தின நாள் ஃபுட்டேஜை இறக்கி வைத்துவிட்டு மாற்றும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது சொல்லாதீர்கள். 24-தான் வேண்டும் என்று கேண்டிட் டீம் பிடிவாதமாக இருந்தால் வாக்குவாதம் வேண்டாம். பேச்சு வரும் ஷாட்டுகளை மட்டும் 25-இல் எடுத்துத் தரக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் அந்தப் பேச்சு ஷாட் எண்ணிக்கையில் குறைவு.

அப்படியும் கலந்து வந்துவிட்டால், வீட்டாருக்குக் கொடுக்கும் முன் ஃபைலை டிவியில் போட்டு மூன்று இடத்தைப் பாருங்கள்: மிக நீளமான போன் கிளிப்பின் கடைசி நிமிடம், மெதுவாக நகரும் ஹெலிகேம் ஷாட் ஒன்று, ஆப்டிகல் ஃப்ளோ போட்ட ஒவ்வொரு ஷாட். முதலாவதில் உதடு நழுவினால் அந்த கிளிப்பை முன்கூட்டியே மாற்றும் படிக்குத் திரும்பிப் போகவேண்டும். இரண்டாவதில் தட்டினால் கான்ஃபார்ம். மூன்றாவதில் விளிம்பு துடித்தால் ஆப்டிகல் ஃப்ளோவை எடுத்துவிட்டு அப்படியே போடுங்கள், அந்த ஜெர்க்கை வீட்டார் யாரும் கவனிக்க மாட்டார்கள்.